ஆறுவதற்குள் உண்ண வேண்டிய கறி: வடசீனக் குச்சிக்கறிக் கடைக்கு ஓர் அறிமுகம்

பெய்ஜிங், ஷென்யாங், ஹார்பின் போன்ற வடசீன நகரங்களில் இரவு எட்டு மணிக்கு மேல் நடந்தால், சந்து முனைகளில் சிவப்பு விளக்கில் மின்னும் ஓர் எழுத்து அடிக்கடி கண்ணில் படும். மேலும் கீழுமாக இரண்டு சிறு பெட்டிகள். அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஊடுருவிச் செல்லும் ஒரு கோடு. சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவருக்கும் அந்த எழுத்தின் பொருள் விளங்கிவிடும், ஏனெனில் அது குச்சியில் கோத்த இரண்டு கறித்துண்டுகளைப் போலவே இருக்கிறது. அதை 'சுவான்' என்று ஒலிக்க வேண்டும். பெய்ஜிங்காரர்கள் நாக்கை மடித்துச் 'சுவார்' என்பார்கள். கோத்தது, சரம் என்று தமிழில் சொல்லலாம். அந்த எழுத்து எரியும் கடைக்குள் முதன்முறையாக நுழையும் ஒருவர் எதைக் கேட்க வேண்டும், எப்படி உண்ண வேண்டும், அங்கே நடப்பவை ஏன் அப்படி நடக்கின்றன என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. குச்சியில் கோத்த உணவு சீனத்தில் பல வகைப்படும். சிச்சுவான் மாநிலத்தில் கறியையும் காய்களையும் குச்சியில் கோத்துக் காரக் குழம்பில் அமிழ்த்தி வேகவைப்பார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'மாலா' என்ற பெயரில் தமிழர்கள் பலர் சுவைத்திருப்பது அந்தச் சிச்சுவான் மரபின் கிளைதான். வடசீனக் கடையில் குழம்புக்கே இடமில்லை. கறி தணலின் மேல் நேரடியாக வாட்டப்படுகிறது. உப்பு, சீரகம், மிளகாய்த்தூள் ஆகிய மூன்றும் அதன்மேல் உலர்ந்தபடியே தூவப்படுகின்றன. இப்படித் தீயில் வாட்டும் உணவுக்குப் பொதுப்பெயர் 'ஷாவ்காவ்'. நண்பர்கள் ஒருவரையொருவர் அழைக்கும்போது பேச்சு வழக்கில் 'லூ சுவார்' என்பார்கள். முருங்கைக் கீரையைக் காம்பிலிருந்து விரலால் உருவுகிறோமே, அந்த உருவுதலைக் குறிக்கும் வினைதான் 'லூ'. சரத்தைப் பல்லால் உருவி உண்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது.

இந்தக் கடையைப் புரிந்துகொள்ள ஆட்டுக் கொழுப்பின் இயல்பை அறிந்தால் போதும் என்பது என் கருத்து. ஆட்டுக்கறிக் குழம்பை ஆறவிட்டால் மேலே வெண்ணிறப் படலமாகக் கொழுப்பு உறைவதை நம் வீடுகளில் எல்லாரும் பார்த்திருப்போம். கோழிக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ அவ்வளவு விரைவில் இறுகுவதில்லை. ஆட்டுக் கொழுப்பு உருகுவதற்கு நம் உடல் சூட்டைவிடக் கூடுதலான சூடு வேண்டும். ஆகவே ஆறிய கறியை வாயிலிட்டால் கொழுப்பு அங்கேயும் உருகாமல் மெழுகைப்போல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சூடாக இருக்கையில் பாகு போல வழியும் அதே கொழுப்பு, தட்டில் சற்று நேரம் கிடந்தால் இப்படி ஆகிவிடுகிறது. துண்டுகள் சிறியனவாக இருப்பதும், வேண்டியதை ஒரே தடவையில் கேட்காமல் சிறிது சிறிதாகக் கேட்பதும், சில ஊர்களில் மேசைக்கு மேசை ஒரு குட்டி அடுப்பை வைப்பதும், தட்டு வந்தவுடன் பேச்சை நிறுத்திவிட்டு எல்லாரும் கை நீட்டுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து பிறந்தவை.

ஒரு குச்சியைக் கையிலெடுத்துப் பார்ப்போம். இது 'யாங்ரோ சுவார்', அதாவது ஆட்டிறைச்சிச் சரம். 'யாங்' என்ற சீனச் சொல் வெள்ளாட்டையும் செம்மறியையும் சேர்த்தே குறிக்கும். ஆனால் புல்வெளிகளை ஒட்டிய வடக்கில் குச்சியில் ஏறுவது பெரும்பாலும் செம்மறிதான். வாலில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் செம்மறி இனங்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. அந்த வால்கொழுப்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இரண்டு மெல்லிய சதைத்துண்டுகளுக்கு இடையே கோத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டும் பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். தணலில் வாட்டும்போது கொழுப்பு உருகி இருபுறத்துச் சதையிலும் இறங்கும். எஞ்சிய கொழுப்பின் விளிம்பு பொன்னிறமாகி மொறுமொறுவென்று ஆகும். கொழுப்பு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுச் சதையை மட்டும் உண்பவர் அந்தக் குச்சியின் பாதியைத்தான் உண்கிறார். முதல் முறை வருபவர் கொழுப்போடு சேர்த்தே ஒரு குச்சியையாவது உண்டு பார்க்க வேண்டும்.

அடுப்பும் கவனித்துப் பார்க்க வேண்டியது. கை முழ அளவுள்ள குச்சியின் இரு முனைகளும் இருபக்க விளிம்பில் அமரும்படி ஒடுக்கமாகவும் நீளமாகவும் செய்த உலோகத் தொட்டி அது. உள்ளே கரி கொழுந்துவிட்டு எரிவதில்லை. சாம்பல் பூத்த கங்காகக் கிடக்கும். அடுப்புக்காரர் இருபது முப்பது குச்சிகளை ஒரே பிடியில் அள்ளி வரிசையாகப் பரப்புவார். சிறிது நேரத்தில் இரு கைகளாலும் மொத்தமாகத் திருப்புவார். கொழுப்பு சொட்டிக் கங்கில் விழுந்ததும் புகை எழும். சில நேரங்களில் தீநாக்கும் எழும். அப்போது குச்சிகளைக் கொத்தாகத் தூக்கி, விளிம்பில் தட்டி, மிகுதிக் கொழுப்பை உதறிவிட்டு மறுபடியும் பரப்புவார். அந்தப் புகைதான் கறிக்கு மணத்தைத் தருகிறது. தீநாக்கு தொட்டால் கரிந்த கசப்புதான் மிஞ்சும். புகையை வரவிட்டுத் தீயை வரவிடாமல் காப்பதே அவருடைய தொழில்திறன். கறி வெந்து முடியும் தறுவாயில்தான் சீரகமும் மிளகாய்த்தூளும் தூவப்படும், ஏனெனில் முன்பே தூவினால் அவை கருகிவிடும். கொழுப்பின் ஈரத்தில் தூள் ஒட்டிக்கொள்ள, கீழிருந்து வரும் சூட்டில் சீரகம் வறுபட்டு மணம் எழும் அந்த நொடியில் குச்சிகள் தட்டுக்கு மாறுகின்றன.

சீரகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சீனச் சமையலின் பழைய மணப்பொருள்கள் இஞ்சி, வெங்காயத்தாள், அன்னாசிப்பூ, பட்டை போன்றவை. சீரகம் அந்த வரிசையில் சேராது. அது மேற்கே நடு ஆசியாவின் வழியாக, சின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்களின் சமையலிலிருந்து வந்தது. சீனத்தில் அதன் பெயர் 'ட்ஸிரான்'. எழுத்தைப் பார்த்தால் ஏதோ பழஞ்சீனச் சொல்போலத் தோன்றினாலும், அது உய்குர் மொழியின் 'ஸிரே' என்ற சொல்லைச் சீன ஒலியில் எழுதிக்கொண்டதேயாகும். அந்த 'ஸிரே' பாரசீகத்தின் 'ஸீரா'விலிருந்து வந்தது. வடமொழியின் 'ஜீரக'வும், அதன் வழியே வந்த நம் 'சீரகமும்' அதே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே கடைக்காரரிடம் கூடுதலாக 'ட்ஸிரான்' கேட்கும் தமிழர், ஒருவகையில் தம்முடைய அஞ்சறைப்பெட்டியில் உள்ள பொருளை அதன் உறவுப் பெயரால்தான் கேட்கிறார். வேறுபாடு பயன்படுத்தும் முறையில் இருக்கிறது. நாம் சீரகத்தை எண்ணெயில் பொரியவிட்டோ, மிளகோடு அரைத்தோ குழம்பில் கரைத்துவிடுகிறோம்; அவர்களோ கரகரப்பாக இடித்து, சில கடைகளில் முழுதாகவே, கடைசியில் தூவுகிறார்கள். பல்லில் கடிபடும்படி சீரகத்தை உண்பது நமக்குப் புதிய அனுபவமாக இருக்கும்.

குச்சியில் கோத்துச் சுடுவது சீனத்தில் மிகப் பழையது. ஷான்டோங் மாநிலத்தில் கிடைத்த கிழக்கு ஹான் காலத்துக் கல்லறைச் சிற்பங்களில், அதாவது கி.பி. 25 முதல் 220 வரையிலான காலத்தைச் சேர்ந்த கற்பலகைகளில், அடுக்களைக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒருவர் நீண்ட அடுப்பின்மேல் சரங்களை வைத்து விசிறியால் விசிறுகிறார். அந்த விசிறியைத் தவிர்த்துவிட்டால் இன்றைய கடைக்கும் அந்தச் சிற்பத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனினும் இப்போது சீனம் முழுவதும் பரவியிருக்கும் சீரகம் மணக்கும் ஆட்டுச் சரம் உய்குர் மக்களின் 'காவாப்' என்ற உணவின் நேரடி வாரிசு. கபாப் என்று நாம் சொல்வதும் அதே சொல்தான். பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்து தனியார் சிறுதொழிலுக்கு வழி திறந்த 1980களில், சின்ஜியாங்கிலிருந்து வந்தவர்கள் பெய்ஜிங் தொடங்கிக் கிழக்கு நகரங்களின் தெருக்களில் தகர அடுப்பை வைத்துக் குச்சிகளைச் சுட்டு விற்றார்கள். 1986ஆம் ஆண்டின் சீனப் புத்தாண்டு இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், உரிமம் இல்லாமல் ஆட்டுச் சரம் விற்கும் ஒருவரைப் பற்றிய நகைச்சுவை நாடகம் இடம்பெற்றது; நாடு முழுவதும் பார்க்கும் நிகழ்ச்சியில் வருமளவுக்கு அந்தத் தெரு வியாபாரி அதற்குள் எல்லாருக்கும் அறிமுகமாகியிருந்தார்.

தெருவிலிருந்து அந்த அடுப்பு கடைக்குள் சென்றதற்குக் காற்று மாசும் ஒரு காரணம். 2013இல் பெய்ஜிங் நிர்வாகம் தெருவோர அடுப்புகளைப் பறிமுதல் செய்து நூற்றுக்கணக்கில் அழித்தது. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த நகரின் காற்று மாசுத் தடுப்பு விதிகள் திறந்தவெளியில் சுடுவதைக் கட்டுப்படுத்தின. இப்போது பல கடைகளில் அடுப்பு ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், புகைபோக்கியின் கீழ் இருக்கிறது. அதே 2013ஆம் ஆண்டு மே மாதம், நரி, எலி முதலியவற்றின் இறைச்சியை ஆட்டிறைச்சி என்று விற்ற கும்பல் ஒன்றைப் பிடித்ததாகக் காவல்துறை அறிவித்தபோது நாடே அதிர்ந்தது. கறியை வாடிக்கையாளரின் கண்ணெதிரே வெட்டிக் கோத்துச் சுடுவதைப் பல கடைகள் விளம்பரமாகவே எழுதி வைத்திருப்பதன் பின்னணி இதுதான். கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதையே: ஓர் ஓரத்தில் யாராவது உட்கார்ந்து, பெரிய அலுமினியப் பாத்திரத்திலிருந்து கறியை எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தால் உள்ளே செல்லலாம்.

வடசீனம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டாலும் ஊருக்கு ஊர் முறை மாறும். சின்ஜியாங் பாணிக் கடைகளில் துண்டுகள் பெரியவை. பாலைநிலத்தில் வளரும் ஒருவகைப் புதரின் செந்நிறக் கிளைகளைச் சீவி அவற்றில் கோப்பதும் உண்டு. உடன் உண்ண மண் அடுப்பில் சுட்ட ரொட்டி வரும். அதன் உய்குர்ப் பெயர் 'நான்' என்பதே. அதே ரொட்டியைத் துண்டுகளாக்கி மசாலா தூவி மீண்டும் தணலில் வாட்டியும் தருவார்கள். வடகிழக்கில், குறிப்பாக லியாவ்னிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் ஆகிய மூன்று மாநிலங்களில், துண்டுகள் சிறியவை, குச்சிகள் மெல்லியவை, எண்ணிக்கை மிகுதி. லியாவ்னிங்கில் உள்ள ஜின்ஜோ என்ற ஊரில் சுடாத பொருளே இல்லை என்பார்கள். ஹெய்லோங்ஜியாங்கின் சிச்சிஹார் நகரத்தில் குச்சியே கிடையாது. மசாலா பிசைந்த மாட்டிறைச்சித் துண்டுகளை மேசையிலுள்ள அடுப்பில் பரப்பிச் சுட்டு உண்கிறார்கள்.

ஜிலின் மாநிலத்தின் கிழக்கு மூலையில் உள்ள யான்பியான் கொரியத் தன்னாட்சிப் பகுதி இன்னொரு கிளையை வளர்த்தது. அங்கே கரி அடுப்பு மேசையின் நடுவிலேயே பதிக்கப்பட்டிருக்கும். பாதி வெந்த அல்லது பச்சைக் குச்சிகளை உண்பவரே சுட்டுக்கொள்ள வேண்டும். பல கடைகளில் குச்சியின் முனையில் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கும். அதை அடுப்பின் விளிம்பிலுள்ள சங்கிலியில் பொருத்தினால் குச்சி தானாகவே உருளும். வெந்த கறியைச் சீரகம், எள், நிலக்கடலை, மிளகாய் ஆகியவற்றின் உலர்ந்த பொடியில் புரட்டி உண்கிறார்கள். நம் இட்லிப் பொடியை எண்ணெய் ஊற்றாமல் தட்டில் வைத்ததுபோல அது வரும். சீனாவிலிருந்து வேலை தேடித் தென்கொரியாவுக்குச் சென்ற கொரிய வம்சாவளியினர் இந்த முறையைச் சோல் நகருக்குக் கொண்டு சென்றனர். இன்று அங்கே ஆட்டுச் சரமும் சீன பியரும் பிரிக்க முடியாத இணையாகப் பேசப்படுகின்றன.

ஷான்டோங் மாநிலத்தின் ட்ஸிபோ என்ற ஊரின் கதை தனியே சொல்லத்தக்கது. பழைய ச்சீ நாட்டின் தலைநகரம் இருந்த மண் அது. அண்மைக் காலத்தில் பீங்கான், பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகளால் அறியப்பட்ட, சுற்றுலாப் பயணிகள் எவரும் நினைத்துப் பாராத தொழில் நகரம். 2023 மார்ச் மாதத்தில் கல்லூரி மாணவர்கள் அந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாகச் சென்று குச்சிக்கறி உண்டு, அதைக் கைப்பேசிக் காணொளிகளாக வெளியிடத் தொடங்கினார்கள். நோய்த்தொற்றுக் காலத்தில் அங்கே தனிமைப்படுத்தப்பட்ட மாணவர்களை ஊர் அன்போடு கவனித்தது என்றும், நிலைமை சீரானதும் திரும்ப வருமாறு அழைத்தது என்றும், அந்த அழைப்பை ஏற்றே அவர்கள் வந்தார்கள் என்றும் பரவலாகப் பேசப்பட்டது. மாநிலத் தலைநகர் ஜினானிலிருந்து குச்சிக்கறிக்கென்றே சிறப்பு ரயில் விடப்பட்டது. ரயில் நிலையத்திலிருந்து கடைகளுக்குத் தனிப் பேருந்துகள் ஓடின. ஏப்ரலில், காணொளி வெளியிடும் ஒருவர் தம் கையிலேயே தராசு கொண்டுபோய்ப் பத்துக் கடைகளில் வாங்கிய பொருள்களை நிறுத்துப் பார்த்து, ஒரு கடையிலும் எடை குறையவில்லை என்று காட்டினார். அந்த மே தின விடுமுறையில் ஊர் கொள்ளாத கூட்டம் சேர்ந்தது.

அந்தப் புகழுக்கு எடை குறையாத நேர்மையும் காரணம், உணவின் முறையும் காரணம். ட்ஸிபோவில் குச்சிகளைப் பெரிய அடுப்பில் முக்கால் பதத்துக்குச் சுட்டுவிட்டு, மேசைக்கு ஒன்றாக வைத்த குட்டிக் கரி அடுப்புக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். மீதி வேக்காட்டை உண்பவர் முடித்துக்கொள்கிறார். முடிந்ததும் அடுப்பின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டால் கறி ஆறாது. நான் முன்பு சொன்ன கொழுப்புச் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு எனக்குத் தெரிந்து வேறு எங்கும் இல்லை. அங்கே பன்றியிறைச்சிக் குச்சிகளும் மிகுதி. அவற்றோடு உள்ளங்கையளவு மெல்லிய கோதுமை ரொட்டிகள் அடுக்காக வரும். ஒரு ரொட்டியைக் கையில் விரித்து, காரச்சாந்தும் கடலைப்பொடியும் தடவி, பச்சையாக ஒரு வெங்காயத்தாள் துண்டை வைத்து, இரண்டு குச்சிகளை அதன்மேல் கிடத்தி, ரொட்டியை மடித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் குச்சிகளை உருவிவிட வேண்டும். கறி ரொட்டிக்குள் நின்றுவிடும். முதல் தடவை பிடி தளர்ந்து பாதிக் கறி மேசையில் விழுவது எல்லாருக்கும் நேர்வதுதான். மூன்றாவது தடவையில் கை பழகிவிடும்.

இனி கடைக்குள் செல்வோம். வடசீனர்களுக்கு இது பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின் வரும் இரண்டாம் உணவு. வேலை முடிந்த பின்னோ, கால்பந்துப் போட்டி பார்த்துக்கொண்டோ, நள்ளிரவு தாண்டியும் உண்பார்கள். கோடைக்காலத்தில் நடைபாதையில் குட்டை மேசைகளும் முக்காலிகளும் விரியும். தனியாக வருவோர் குறைவு. நாலைந்து பேராக வந்தால்தான் பலவற்றைச் சுவைக்க முடியும். மேசையில் அமர்ந்ததும் ஓர் அச்சிட்ட தாளும் பென்சிலும் தருவார்கள், அல்லது மேசையில் ஒட்டிய கட்டக் குறியீட்டைக் கைப்பேசியால் படித்துக் கேட்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பொருளின் பெயருக்கும் எதிரே எத்தனை குச்சி என்று எண்ணால் எழுத வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு தட்டுக்கு இத்தனை என்று கணக்கில்லை. ஒரு குச்சிதான் அலகு, அதுவும் இரண்டு மூன்று வாய்க்கு மேல் வராத அலகு. ஆட்டுச் சரம் என்றால் ஆளுக்கு ஐந்து என்று தொடங்குவது வழக்கம். சில கடைகளில் ஒரு வகையில் ஐந்துக்கோ பத்துக்கோ குறைவாகத் தரமாட்டார்கள்.

பசியோடு வந்தவருக்கு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. அடுப்பு ஒன்று, கேட்கும் மேசைகள் பல. மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகவே வந்து குவியும், பாதி உண்பதற்குள் மீதி உறைந்துவிடும். முதல் சுற்றில் ஆட்டுச் சரமும் ஒன்றிரண்டு காய்களும் கேட்டு, அவை பாதி தீரும் நேரத்தில் அடுத்த சுற்றைக் கேட்க வேண்டும். இப்படி நான்கைந்து சுற்றுகள் போகும். காரத்தின் அளவையும் கேட்கும்போதே சொல்லிவிடலாம்: காரமே வேண்டாமென்றால் 'பூலா', சிறிதளவு என்றால் 'வெய்லா', நடுத்தரம் என்றால் 'ஜோங்லா'. வடசீன மிளகாய் மணத்துக்கும் நிறத்துக்கும் பெயர்பெற்றது. நம் ஊர்க் காரத்தில் வளர்ந்த நாக்குக்கு நடுத்தரம் எளிதாகவே இருக்கும். கடைக்காரரை 'லாவ்பான்' என்று அழைத்துக் கேட்பது இயல்பு. அதன் பொருள் முதலாளி என்பதுதான்.

கறி வருவதற்கு முன் மேசைக்கு வருபவை குளிர்ந்த சிறு தட்டுகள். உப்பும் அன்னாசிப்பூவும் இட்டு வேகவைத்த பச்சை சோயா காய்களும் நிலக்கடலையும் அவற்றுள் முதன்மையானவை. தோலை உரித்து உண்டபடியே காத்திருக்கலாம். வெள்ளரிக்காயைக் கத்தியின் தட்டையான பக்கத்தால் ஓங்கி அடித்துச் சிதைத்து, பூண்டும் புளிக்காடியும் சேர்த்துத் தரும் தட்டு கொழுப்பின் திகட்டலை முறிக்கும். அதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பச்சைப் பூண்டுப் பற்களும் கிடைக்கும். பூண்டில்லாமல் கறி உண்டால் மணம் பாதி குறையும் என்று வடக்கில் ஒரு பழமொழியே உண்டு. ஒரு கடி கறி, ஒரு கடி பூண்டு என்று உண்பவர்களை எல்லா மேசைகளிலும் காணலாம்.

சதைக்கு அப்பால் உள்ள உறுப்புகளை உண்பதில் வடசீனர்களும் நம் ஊர் மட்டன் கடை வாடிக்கையாளர்களும் ஒரே மனத்தினர். ஆட்டுச் சிறுநீரகத்தைக் கொழுப்புறையோடு இரண்டாகப் பிளந்து சுடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் இருக்கும். முதுகிலிருந்து எடுக்கும் தடித்த நாரைச் சிறு துண்டுகளாக்கிக் கோத்ததற்குப் 'பான்ஜின்' என்று பெயர். மெல்ல மெல்லச் சுவை ஊறும் அந்த நார்தான் பழகியவர்கள் முதலில் கேட்கும் பொருள். இதயத்தோடு இணைந்த பெருங்குழாய், கோழியின் இதயம், இரைப்பை, நெஞ்சுக் குருத்தெலும்பு, இறக்கை ஆகியவையும் குச்சியில் ஏறும். லியாவ்னிங்கில் ஓக் மரத்து இலை தின்று வளரும் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைச் சுட்டுத் தருவதும் உண்டு. அது அந்த மண்ணின் பட்டுத்தொழிலோடு சேர்ந்து வந்த உணவு.

காய்களில் தவறவிடக் கூடாதது கத்தரிக்காய். முழுக் கத்தரியைத் தணலில் சுட்டு, நீளவாக்கில் பிளந்து விரித்து, பொடியாக நறுக்கிய பூண்டை எண்ணெயோடு அள்ளிப் போட்டு மறுபடியும் கொதிக்கவிடுவார்கள். சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு பழகிய நாவுக்கு அந்தப் புகை மணம் உடனே பிடித்துவிடும். பூண்டு மணமுள்ள ஒருவகைத் தாள்கீரையைக் கத்தையாக இரண்டு குச்சிகளில் கோத்துச் சுடுவதும், மெல்லிய தாள்போன்ற சோயாக்கட்டியைச் சுருட்டிச் சுடுவதும் வடகிழக்கின் சிறப்பு. ஆனால் சைவ உணவு மட்டும் உண்பவர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: காய்களும் கறியும் பெரும்பாலும் ஒரே அடுப்பில், ஒரே தூரிகை எண்ணெயில் வேகின்றன. முற்றிலும் பிரித்துச் சமைக்கும் ஏற்பாடு இத்தகைய கடைகளில் அரிது.

குச்சி கைக்கு வந்ததும் உண்ணும் முறை எளியது, ஆனால் கவனம் வேண்டும். இரும்புக் குச்சியாக இருந்தால் கைப்பிடி ஆறியிருந்தாலும் கறி கோத்த பகுதி கொதித்துக்கொண்டிருக்கும்; உதட்டின் ஓரம் அதில் பட்டால் சுட்டுவிடும். குச்சியை வாய்க்கு நேராக நீட்டாமல் குறுக்காகப் பிடித்து, நுனியிலிருக்கும் துண்டைப் பற்களால் கவ்வி, குச்சியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அடியில் இருக்கும் கடைசித் துண்டு எட்டாவிட்டால் உணவுக்குச்சிகளால் நுனியை நோக்கித் தள்ளிக்கொள்ளலாம். அதை எவரும் குறையாக எண்ணமாட்டார்கள். வெறுங்குச்சியை மேசையோரத்தில் உள்ள குவளையிலோ வாளியிலோ போட்டுவிட வேண்டும், தரையில் எறியக் கூடாது.

பானம் பெரும்பாலும் பியர். 1900இல் தொடங்கிய ஹார்பின் ஆலையும், 1903இல் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்த கடற்கரை நகரில் தொடங்கிய சிங்தாவ் ஆலையும் வடக்கின் மூத்தவை. மது அருந்தாதவர்களுக்குப் பெய்ஜிங்கில் வெண்கரடிப் படம் போட்ட 'பெய்பிங்யாங்' ஆரஞ்சுச் சோடா உண்டு. புளிப்பான பிளம் பழச் சாறு எங்கும் கிடைக்கும். கோப்பையை மோதும்போது வயதில் மூத்தவரின் கோப்பை விளிம்பைவிடத் தன் கோப்பையைச் சற்றுத் தாழ்த்திப் பிடிப்பது மரியாதை. 'கான்பெய்' என்றால் கோப்பையை வெறுமையாக்க வேண்டும். முடியாதவர் 'சுய்யீ', அதாவது அவரவர் விருப்பம் என்று சொல்லி ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்ளலாம். உய்குர், ஹுய் ஆகிய முஸ்லிம் சமூகத்தார் நடத்தும் கடைகளில் 'ச்சிங்ஜென்' என்ற ஹலால் பலகை இருக்கும். அங்கே பன்றியிறைச்சி கலந்த எதையும் வெளியிலிருந்து கொண்டு செல்லக் கூடாது. பல கடைகளில் மதுவும் கிடையாது.

வயிறு நிறையும் நேரத்தில் மாவுப்பொருள் கேட்பது வடக்கின் வழக்கம், ஏனெனில் அது கோதுமை விளையும் நிலம். ஆவியில் வெந்த மாவுருண்டையைத் துண்டுகளாக்கிக் குச்சியில் கோத்து, எண்ணெய் தடவிப் பொன்னிறமாகச் சுடுகிறார்கள். யான்பியான் பாணிக் கடைகளில் பனிக்கட்டி மிதக்கும் புளிப்புச் சாற்றில் குளிர்ந்த நூடுல்ஸ் வரும். அதன் பிறகு கணக்கு. பழைய பாணிக் கடைகளில் பணியாளர் வந்து மேசையிலுள்ள வெறுங்குச்சிகளை வகைவாரியாக எண்ணுவார். குச்சியின் நீளமும் தடிமனும் எது எந்த விலைக்கு உரியது என்று அவருக்குச் சொல்லிவிடும். பணத்தை ஒருவரே கொடுப்பார், யார் கொடுப்பது என்பதில் நண்பர்களுக்குள் தள்ளுமுள்ளே நடக்கும். தனியாக அன்பளிப்பு எதுவும் வைக்க வேண்டியதில்லை. எண்ணி முடித்த இரும்புக் குச்சிகள் வாளியோடு உள்ளே போகும். நாளை மாலை கழுவிய குச்சிகளோடும் அலுமினியப் பாத்திரத்துக் கறியோடும் யாரோ ஒருவர் அந்த ஓரத்தில் மறுபடியும் உட்கார்ந்திருப்பார்.